கருப்புக்கு அடியில் என்ன இருக்கிறது

டீ சொல்லியாயிற்று, உட்காருங்கள். ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் ஒன்றை வாங்கி, பாடியைத் தனியாக இறக்கி வைத்திருக்கிறீர்கள். அடியில் எந்த அண்டர்கோட்டிங் அடிக்கலாம் என்று கேட்கிறீர்கள். டப்பாவின் பெயரைச் சொல்லி அனுப்பிவிட ஒரு நிமிஷம் போதும். ஆனால் காரைக்கால் மாதிரி கடலோர ஊரில் அண்டர்கோட்டிங் அடிக்காமல் வீணான பழைய கார்களுக்கு, அடித்ததாலேயே வீணான கார்கள் எண்ணிக்கையில் சளைத்தவை அல்ல என்பது என் எண்ணம். அதனால் கொஞ்சம் நிதானமாகவே போவோம்.

முதலில் வண்டி. ஹெரால்டை ஸ்போர்ட்ஸ் கார் வரிசையில் வைத்தால் சிரிப்பவர்கள் உண்டு. குடும்பத்தோடு கல்யாணத்துக்குப் போய்வந்த வண்டிதானே என்பார்கள். இங்கிலாந்தில் ஸ்டாண்டர்ட்-ட்ரையம்ஃப் கம்பெனி 1959-ல் இறக்கிய கார் அது. 1961-லிருந்து சென்னைக்குத் தெற்கே வண்டலூர்ப் பக்கம் ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் அதைச் செய்து விற்றது. வரைந்தவர் இத்தாலிக்காரர் ஜியோவானி மிகலோட்டி. அதே சேசிஸைக் குட்டையாக்கி, அதே மிகலோட்டியின் கையால் மேலே இரண்டு பேர் உட்காரும் திறந்த பாடியை வரைந்து 1962-ல் வெளியிட்டதுதான் ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் என்ற பெயர்பெற்ற ஸ்போர்ட்ஸ் கார். சோழவரத்தில், இரண்டாம் உலகப்போர்க்கால விமான ஓடுதளத்தில் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் பந்தயம் நடத்திய காலத்தில், ஃபியட்டோடு மல்லுக்கு நின்றவை இந்த ஹெரால்டுகள். ஆகவே உலகத்தில் ஸ்பிட்ஃபயரைப் புதுப்பிப்பவர்கள் அடிப்பாகத்தில் படும் பாடு எல்லாம் உங்களுக்கும் உண்டு. கூடவே வங்காள விரிகுடாவும் உண்டு.

ஹெரால்டுக்குத் தனி சேசிஸ் வந்ததற்கு ஒரு காரணம் இருக்கிறது. ஸ்டாண்டர்ட் கம்பெனிக்கு பாடி அடித்துக் கொடுத்துக்கொண்டிருந்த ஃபிஷர் அண்ட் லட்லோ என்ற தொழிற்சாலையை 1953-ல் எதிராளியான பி.எம்.சி. வாங்கிவிட்டது. முழு பாடியை ஒரே துண்டாக அடித்துக் கொடுக்க ஆள் இல்லை. துண்டு துண்டாகப் பல இடங்களில் செய்வித்து, ஒரு சேசிஸின் மேல் வைத்து போல்ட் போட்டு முடுக்குவது என்று முடிவெடுத்தார்கள். இன்றைக்கு உங்கள் பட்டறையில் நாலு பேர் சேர்ந்து பாடியைத் தூக்கித் தனியே வைக்க முடிந்தது அதனால்தான். மாருதி வாங்கியவருக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

ஆனால் போல்ட் போட்டுச் சேர்த்த வண்டி என்றால் இடுக்குகள் அதிகம். முன்பாதித் தொட்டியும் பின்பாதித் தொட்டியும் சேர்கிற குறுக்கு இணைப்பு ஒன்று. பாடி சேசிஸில் உட்காரும் ஒவ்வொரு பேடுக்கும் அடியில் ஒன்று. சேசிஸின் நடுத்தண்டிலிருந்து இரண்டு பக்கமும் கைகள் நீண்டிருக்கும்; அவுட்ரிகர் என்பார்கள். மெல்லிய தகட்டைப் பெட்டியாக மடித்துச் செய்தவை. சக்கரம் வாரியடிக்கிற சேறு நேராகப் போய் அவற்றின் மேல் விழும். ஹெரால்டிலும் ஸ்பிட்ஃபயரிலும் துரு முதலில் குடியேறும் இடங்களைக் கேட்டால் உலகம் முழுக்க ஒரே பதில்தான் வரும்: அவுட்ரிகர், கால் வைக்கும் தரையின் மூலை, டிக்கித் தரை, பேட்டரித் தட்டின் அடி, கதவின் கீழ்விளிம்பு. பேட்டரித் தட்டில் மட்டும் ஆசிட்டும் கூட்டுச் சேர்ந்துகொள்ளும்.

இனி நம் ஊர். இரும்பும் தண்ணீரும் காற்றும் சேர்ந்தால் துரு. இது பள்ளிக்கூடப் பாடம். உப்பு அதில் என்ன செய்கிறது என்பதைத்தான் பலர் சரியாகப் பிடிப்பதில்லை. உப்பு கலந்த தண்ணீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும், துரு வேகம் பிடிக்கும். அது ஒரு பாதி. மறுபாதி, உப்பு தானாகவே காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் சாதா உப்பு கசிய ஆரம்பித்துவிடும். ஐப்பசியில் அடுப்படி உப்பு ஜாடியைத் திறந்து பார்த்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. கடல் உப்பில் மக்னீசியம் குளோரைடும் கலந்திருக்கிறது. அதற்கு 33 சதவீதம் ஈரப்பதமே போதும். அதாவது உப்பு படிந்த தகடு காரைக்காலில் மழை பெய்யாத நாளிலும், ராத்திரியிலும், ஷெட்டுக்குள் நிற்கும்போதும் நனைந்தேதான் இருக்கிறது. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பனிக்காலத்தில் சாலையில் உப்புத் தூவுகிறார்கள். அவர்கள் காருக்கு அதனால் வருகிற கேடு சில மாதத்தோடு முடியும். நமக்குப் பன்னிரண்டு மாதமும் கடல்காற்று.

இன்னொன்று சொன்னால் ஆச்சரியப்படுவீர்கள். மழை படுகிற இடத்தைவிட மழை படாத இடம்தான் கடலோரத்தில் அதிகம் அரிக்கும். பானெட்டின் மேல் படிந்த உப்பை ஒரு மழை கழுவிக் கொண்டுபோய்விடும். வண்டியின் அடிவயிற்றை எந்த மழையும் கழுவுவதில்லை. படிந்தது படிந்ததுதான். கடற்கரைச் சாலையோரம் நிற்கிற வண்டிக்கும் திருநள்ளாற்றில் நிற்கிற வண்டிக்கும் பெரிய வித்தியாசம் இருக்கும். அலை உடையும் இடத்திலிருந்து முதல் சில நூறு மீட்டருக்குள்ளேயே காற்றில் உள்ள உப்பு வேகமாகக் குறைந்துவிடுகிறது. வண்டியை நிறுத்த இடம் தேடும்போது இதை மனத்தில் வையுங்கள். எந்தப் பூச்சும் கொடுக்காத பாதுகாப்பை இரண்டு மூன்று கிலோமீட்டர் மேற்கே ஒரு ஷெட் கொடுக்கும்.

உப்போடு சேர்ந்து வேலை செய்வது டெல்டாவின் களிமண். நெடுங்காடு, அம்பகரத்தூர் பக்கம் அறுவடைக் காலத்தில் போய்விட்டு வாருங்கள். வயலிலிருந்து டிராக்டர் சாலையில் இறக்கிய சேறு மட்கார்டின் உள்விளிம்பில் போய் அப்பிக்கொள்ளும். மணல் என்றால் காய்ந்து உதிரும். களிமண் வெளியே காய்ந்து வெடித்தாலும் தகட்டை ஒட்டிய பக்கம் நாள்கணக்கில் ஈரமாகவே இருக்கும். காற்று படாத அந்த ஈர இடத்துக்கும் காற்று படுகிற அதன் ஓரத்துக்கும் இடையில் ஒரு சிறு மின்கலமே உருவாகி, காற்று படாத பக்கத்தை அரிக்கிறது. சாலையில் போட்டு அடிக்கும் வைக்கோல் வேறு அச்சில் சுற்றிக்கொள்ளும். சூடான சைலன்சரில் பட்டால் தீப்பிடிக்கிற ஆபத்தும் உண்டு. அடிப்பாகத்தைக் குனிந்து பார்க்கிற பழக்கம் துருவுக்காக மட்டும் அல்ல.

இப்போது கருப்புப் பூச்சுக்கு வருவோம். வழக்கமாக என்ன நடக்கிறது? வண்டியை வாட்டர் சர்வீஸில் விட்டு அடியில் தண்ணீர் அடித்து, அரை நாள் வெயிலில் போட்டு, கம்ப்ரசரில் தார் கலந்த கருப்பை அடித்துவிடுவார்கள். பார்க்கப் புதுசு. துரு, புழுதி, பழைய கிரீஸ், இடுக்கில் நிற்கும் ஈரம், எல்லாம் உள்ளே மாட்டிக்கொண்டன. தார்ப்பூச்சு நாளடைவில் கெட்டியாகி வெடிக்கும். வெடித்த கீறல் வழியே தண்ணீர் உள்ளே போகும். விளக்குத் திரி எண்ணெயை இழுப்பது போல அந்த மெல்லிய இடைவெளி ஈரத்தை இழுத்துக்கொண்டே போகும். போன ஈரம் வெளியே வர வழி கிடையாது. துருவுக்கு அது உண்டான இரும்பைவிடப் பல மடங்கு பருமன். அதனால் அது பூச்சை உள்ளிருந்து தூக்கும். இடுக்கு பெரிதாகும், ஈரம் கூடும். வெளியே பார்த்தால் அதே வழவழப்பான கருப்புதான்.

நீங்கள் இறக்கி வைத்திருக்கும் சேசிஸிலேயே பார்க்கலாம். அவுட்ரிகரைச் சின்னச் சுத்தியலால் நுனியிலிருந்து நடுத்தண்டு வரை தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல தகடு 'டங்' என்று கேட்கும். அரித்த இடத்தில் சத்தம் மழுங்கும். அங்கே ஸ்க்ரூடிரைவர் முனையால் கருப்பைக் கிளப்பினால் உள்ளங்கையளவு தோல் அப்படியே வரும். அதன் உட்பக்கம் செம்பழுப்பு நிறத்தில், ஏடு ஏடாகத் துரு ஒட்டிக்கொண்டிருக்கும். சில சமயம் விரலில் ஈரம்கூடத் தட்டும். அதற்குக் கீழே தகடு இருக்கிறதா, ஸ்க்ரூடிரைவர் உள்ளே போய்விடுகிறதா என்பதுதான் கேள்வி. போய்விட்டால் வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைத்து வெல்டிங். பட்டி போட்டு மூடுகிறேன் என்று சொல்லும் ஆளிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள்.

கழிவு ஆயிலை அடியில் அடிக்கும் பழைய லாரிக்காரர் வழக்கத்தை நான் முழுதாகக் கேலி செய்ய மாட்டேன். எண்ணெய் வெடிக்காது, ஈரத்தைப் பிடித்து வைக்காது, கீறினால் தானே பரவி மூடும். தார் செய்ய முடியாத வேலை அது. ஆனால் எஞ்சினில் வெந்த எண்ணெயில் அமிலம் உண்டு, ரப்பர் புஷ்ஷை ஊறவைத்துக் கெடுக்கும், மிச்சம் மழையோடு வாய்க்காலுக்குப் போய் வயலில் நிற்கும். கருத்து சரி, பொருள் தப்பு. மரப்படகுக்கு மீன் எண்ணெய் தடவுவது நம் கரையில் பழைய வழக்கம். ராபர்ட் ஃபெர்குசன் என்ற ஸ்காட்லாந்து மாலுமி, துருப்பிடித்த கப்பல் தளத்தில் பச்சை மீன் எண்ணெய் சிந்திய இடத்தில் மட்டும் துரு பரவாமல் நின்றதைக் கவனித்தார். அதிலிருந்து பெயின்ட் செய்து 1921-ல் அமெரிக்காவில் அவர் ஆரம்பித்ததுதான் ரஸ்ட்-ஓலியம் கம்பெனி. டெட்ராய்ட்டில் கர்ட் ஜீபார்ட் என்ற பாடி மெக்கானிக் இன்னொரு வழியில் போனார். கார் உள்ளிருந்துதான் அரிக்கிறது என்பதால் கதவு, தூண், பெட்டித் தகடுகளின் உட்புறத்துக்கே நீண்ட குழல் விட்டு மருந்து அடிக்கும் கடையை 1959-ல் திறந்தார். ஹெரால்ட் பிறந்ததும் அதே வருஷம்தான். நமக்கு இந்த இரண்டு பேரின் யோசனையும் வேண்டும்.

வேலை வரிசைக்கு வருவோம். பழைய கருப்பு முழுக்கப் போக வேண்டும். ஹாட் ஏர் கன்னால் இளக்கிச் சுரண்டுவது, மிச்சத்தை மண்ணெண்ணெயில் துடைப்பது, இதுதான் வழி; சலிப்பான வேலை, கூலியில் பாதி இங்கேயே போகும். சூடாக்குகிற நேரத்தில் மண்ணெண்ணெய் பக்கத்தில் இருக்கவே கூடாது. பிறகு துருவை எடுக்க பிளாஸ்டிங். இங்கேதான் கடற்கரை மணலை அள்ளிவந்து அடிக்கிற கூத்து நடக்கும். உப்பை விரட்ட உப்பையே அறைகிறோம் என்பது ஒரு பக்கம். அந்த மணல்தூள் நுரையீரலில் போய் உட்கார்ந்தால் சிலிகோசிஸ். கார்னெட் கேளுங்கள், அல்லது காப்பர் ஸ்லாக். மெல்லிய பாடித் தகட்டின் மேல் அழுத்தம் கூட்டி அடித்தால் நெளிந்துவிடும். சேசிஸுக்குத் தாராளமாக அடிக்கலாம், தரைத் தகட்டுக்கு அழுத்தத்தைக் குறைத்துத்தான்.

பிளாஸ்டிங் முடிந்து வெள்ளி நிறத்தில் நிற்கிற சேசிஸைப் பார்த்ததும் உடனே பெயின்ட் அடிக்கக் கை பரபரக்கும். பொறுங்கள். துரு தின்ற குழிகளின் ஆழத்தில் உப்பு இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது, கண்ணுக்குத் தெரியாது. அதன் மேல் எவ்வளவு விலையுயர்ந்த பிரைமர் அடித்தாலும் சில மாதத்தில் கொப்புளம் வரும். பிரைமர் வழியே ஈரத்தின் நுண்துளி மெல்ல உள்ளே போகும், அதை அழைப்பது அந்த உப்பு.

அதைக் கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி உண்டு. பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரில் பஞ்சை நனைத்து, குழி விழுந்த இடத்தில் அழுத்தித் துடைத்து, ஒரு சுத்தமான கண்ணாடிக் குப்பியில் பிழியுங்கள். அதில் பள்ளிக்கூட லேபில் இருக்கும் சில்வர் நைட்ரேட் கரைசல் ஒரு சொட்டு. பால் கலந்த மாதிரி வெண்மை படர்ந்தால் உப்பு இருக்கிறது. வெறும் டிஸ்டில்டு வாட்டரிலும் ஒரு சொட்டு விட்டுப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், அந்தக் கரைசல் தோலில் பட்டால் கருப்பு நாள்கணக்கில் போகாது.

உப்பு இருந்தால் கழுவ வேண்டும். எதில்? போர் தண்ணீரில் என்றால் வேண்டாம். கடலோரத்தில் கடல்நீர் நிலத்தடிக்குள் ஏறியிருக்கிறது; காரைக்காலில் பல தெருக்களில் போர் தண்ணீரை வாயில் வைக்க முடியாது. குடிக்கிற நல்ல தண்ணீரில் கழுவி, கடைசியாக ஒரு தரம் டிஸ்டில்டு வாட்டர், உடனே கம்ப்ரசர் காற்றால் ஊதிக் காயவைப்பது. கழுவிய தகட்டில் லேசாக மஞ்சள் துரு ஏறும். அதை இன்னொரு தரம் லேசாக பிளாஸ்ட் செய்து எடுத்துவிடலாம். ஆக பிளாஸ்டிங், கழுவல், மறுபடி பிளாஸ்டிங். செலவு கூடும். நான் உங்கள் இடத்தில் இருந்தால் சீட் உறையில் மிச்சம் பிடித்து இதில் போடுவேன்.

பிளாஸ்டிங் எட்டாத மூலைகளுக்கு ரஸ்ட் கன்வெர்ட்டர் என்று ஒரு திரவம் விற்கிறார்கள். அதில் பெரும்பாலும் டானின் அமிலம் அல்லது பாஸ்பாரிக் அமிலம். டானின் என்றால் புதிதொன்றும் இல்லை. உங்கள் கையில் இருக்கும் டீயில் துவர்ப்பாக இருப்பது அந்த வகைதான். கடுக்காயில் இன்னும் அதிகம். பழைய துரு ஆணியைக் கெட்டி டிகாக்ஷனில் ஒரு ராத்திரி போட்டு வையுங்கள், கருத்துப்போய்விடும். இரும்புத் துருவும் டானினும் சேர்ந்து கரையாத கருப்புப் பொருளாகின்றன. கடுக்காயும் இரும்பும் சேர்த்து மை செய்ததும் இதே வேதியியல்தான். ஆனால் கன்வெர்ட்டர் ஏடு ஏடான துருவுக்குள் இறங்காது, மேல் தோலை மட்டும் மாற்றும். ஆகவே சுரண்ட வேண்டியதைச் சுரண்டிய பிறகு மிஞ்சும் மெல்லிய துருவுக்குத்தான் அது. சில எபாக்சி பிரைமர்கள் அமிலம் கலந்த அடித்தளத்தின் மேல் பிடிக்காது. டப்பாவில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துவிட்டு வாங்குங்கள்.

பெயின்ட் அடிக்க நாள் பார்க்க வேண்டும். பஞ்சாங்கத்தில் அல்ல. தகட்டின் சூடு, காற்றின் ஈரம் துளியாகப் படியும் பனிநிலைக்குக் குறைந்தது 3 டிகிரி செல்சியஸ் மேலே இருக்க வேண்டும், காற்றின் ஈரப்பதம் 85 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும் என்பது கப்பல், பாலம், தொட்டி என்று எல்லா இரும்புப் பெயின்ட் வேலைக்கும் உள்ள விதி. மார்கழி, தை மாதத்தில் டெல்டாவில் காலை ஒன்பது மணி வரை தகட்டில் பனி நிற்கும்; ஐப்பசி, கார்த்திகையைப் பேசவே வேண்டாம். வைகாசி, ஆனியில் மேற்கிலிருந்து சுடுகாற்று வீசுகிற நாள்கள்தான் நமக்கு லாயக்கு. அதிலும் மத்தியானம் கடல்காற்று திரும்புவதற்குள் முடித்துவிட வேண்டும். கருவி இல்லையா? ஈரத்துணியால் தகட்டில் ஒரு தேய்ப்பு தேய்த்துவிட்டு இந்த டீயைக் குடித்து முடியுங்கள். கால் மணியில் ஈரம் காயாவிட்டால் அன்றைக்கு வேலை இல்லை.

இனி பூச்சு. நம் பட்டறைகளில் முதல் கோட் என்றாலே செந்நிற ரெட் ஆக்சைடுதான். கிரில் கேட்டுக்கு அது போதும். அந்தச் சிவப்பு நிறம் துருவின் நிறமிதானே தவிர, துருவைத் தடுக்கிற மருந்து அல்ல. பூச்சில் நுண்துளைகள் அதிகம். ஒரு காலத்தில் பாலங்களுக்கு அடித்த ரெட் லெட் வேறு பொருள், அது தடுத்தது. ஈய விஷம் என்பதால் ஒதுக்கப்பட்டது. உங்களுக்கு வேண்டியது இரண்டு டப்பாவைக் கலந்து அடிக்கும் எபாக்சி பிரைமர். கலந்ததும் உள்ளே இறுகல் ஆரம்பித்துவிடும். வெயில் காலத்தில் டப்பாவில் எழுதிய நேரத்தில் பாதி கிடைத்தால் அதிகம், அதனால் கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்குங்கள். ஒரு கோட் சுமார் 50 மைக்ரான் என்று வைத்துக்கொண்டால், இரண்டு கோட் சேர்ந்து ஒரு ஏ4 தாளின் கனம் வரும். அவ்வளவுதான். ஓரங்களிலும் வெல்டிங் தையலிலும் பெயின்ட் தானாகவே விலகி மெலியும். ஸ்ப்ரே அடிக்கும் முன் அங்கே மட்டும் பிரஷ்ஷால் ஒரு கோடு இழுத்துவிடுங்கள்.

பிரைமருக்கு மேல், தகடும் தகடும் சேரும் ஒவ்வொரு கோட்டிலும் பாலியூரித்தேன் சீலர். புதிய பாம்பன் பாலத்தைப் பற்றி அரசு சொன்னதைக் கவனித்தீர்களா? 1914-ல் திறந்த பழைய பாலத்துக்குப் பதிலாக 2025 ஏப்ரலில் திறந்த புதியதில் பாலிசிலாக்சேன் பூச்சு என்றார்கள், எல்லோரும் அதையே பிடித்துக்கொண்டார்கள். கூடவே முழுக்க வெல்டிங் செய்த இணைப்புகள் என்றும் சொன்னார்கள். எனக்கு அதுதான் முக்கியமாகப் பட்டது. தகட்டின் மேல் தகடு வைத்த இடத்தில்தான் உப்புத் தண்ணீர் குடியிருக்கும். உங்கள் ஹெரால்ட் முழுக்க ஸ்பாட் வெல்டிங்கும் போல்ட்டும். மாற்ற முடியாது, ஆனால் வாயை அடைக்கலாம்.

அதற்கும் மேலே? சேசிஸுக்கு நான் கருப்பே சொல்ல மாட்டேன். இரண்டு டப்பா பாலியூரித்தேன் பெயின்ட், வெளிர் சாம்பல் நிறம். அசல் தோற்றம் போய்விடும் என்று கிளப் நண்பர்கள் முணுமுணுப்பார்கள். முணுமுணுக்கட்டும். சாம்பலில் ஒரு துருப்புள்ளி வந்தால் டார்ச் அடித்ததும் தெரியும். கருப்பில் ஓட்டை விழுந்த பிறகுதான் தெரியும். அந்தப் பெயின்டின் ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது, மூச்சுக்குழாயைக் கெடுக்கும்; கைக்குட்டை கட்டிக்கொண்டு அடிக்கும் பெயின்டரை நிறுத்தி, வெளிக்காற்று வரும் முகமூடி கொடுங்கள். கல்லடி படும் வீல் ஆர்ச்சின் உட்புறத்துக்கு மட்டும் ரப்பர் தன்மையுள்ள ஸ்டோன் கார்டு, மெல்லிசாக. தடிமனாக அடித்தால் பலம் என்பது தப்புக் கணக்கு.

கடைசியில்தான் மெழுகு. அவுட்ரிகரின் உள்ளே, நடுத்தண்டின் உள்ளே, கதவின் உள்ளே, நாலா பக்கமும் பீய்ச்சும் குழல்முனையை விட்டு கேவிட்டி வாக்ஸ் அடிக்க வேண்டும். ஜீபார்ட் செய்தது இதைத்தான். மெழுகு கொஞ்சம் இளகியே இருக்கும், இடுக்குக்குள் ஊர்ந்து போகும், கீறல் விழுந்தால் அதுவாக மூடிக்கொள்ளும். ஆட்டு ரோமக் கொழுப்பான லானோலின் சேர்ந்தவையும் கிடைக்கின்றன. வெல்டிங் எல்லாம் முடிந்த பிறகே மெழுகு. முந்தி அடித்துவிட்டு வெல்டிங் வைத்தால் பெட்டிக்குள்ளேயே தீ. பாக்கி வெல்டிங் இருக்கிறதா என்று டிங்கரிடம் ஒருமுறைக்கு இரண்டுமுறை கேட்டுக்கொள்ளுங்கள். அடித்து முடித்ததும் வடிகால் துளை ஒவ்வொன்றிலும் கம்பி விட்டுப் பாருங்கள். துளை அடைபட்ட அவுட்ரிகர் வெறும் தண்ணீர்த் தொட்டி. வழிந்து வந்த மெழுகு தரையில் ரெண்டு நாள் சொட்டும், பரவாயில்லை.

எங்கெல்லாம் எதுவும் படக்கூடாது என்று பெயின்டரிடம் வாயால் சொன்னால் மறந்துவிடுவார். பேப்பர் ஒட்டி மூடியே கொடுங்கள். பிரேக் டிரம், பிரேக் ஹோஸ், ஹேண்ட்பிரேக் கேபிள், சைலன்சர், கிராஸ் ஜாயின்ட், எர்த் வயர் பிடிக்கும் இடம். முன்பக்க சஸ்பென்ஷனின் அடியில் பித்தளை ட்ரனியன் இருக்கிறது. அதற்குக் கிரீஸ் அல்ல, 90 நம்பர் கியர் ஆயில். அந்த வாயைக் கருப்பால் அடைத்துவிட்டு, ஆயில் போகாமல், ஒரு வளைவில் சக்கரம் மடிந்த கதைகள் ட்ரையம்ஃப் உலகில் நிறைய.

பராமரிப்பைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. நம் ஊரோடு பெயர்க் குழப்பம் வரும் காரைக்குடியில் இருக்கிறது மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம். எந்த ஊரில் இரும்பு எவ்வளவு வேகமாக அரிக்கும் என்று இந்தியா முழுவதற்கும் வரைபடம் போட்டவர்கள் அவர்கள்தான். நாம் இருப்பது அதில் மோசமான பகுதி, கடற்கரை. ஆகவே வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து தை பிறந்ததும் ஒருமுறை வண்டியை ஜாக்கி ஸ்டாண்டில் ஏற்றி, நல்ல தண்ணீரால் அடிவயிற்றைக் கழுவி, டார்ச் அடித்துப் பார்த்து, மெழுகு தேய்ந்த இடத்தில் மறுபடி தடவுங்கள். புயல் சமயத்தில் தண்ணீர் ஏறிய தெருவில் ஓட்டியிருந்தால் தை வரை காத்திருக்க வேண்டாம், அந்த வாரமே.

சேசிஸ் எண்ணை மறந்துவிடாதீர்கள். 50 வயது தாண்டிய வண்டிகளுக்கு 2021-ல் மத்திய அரசு தனி விதி கொண்டுவந்தது. புதிதாகப் பதிவு செய்தால் நம்பரில் 'விஏ' என்ற எழுத்து வரும், ஏற்கெனவே பதிவானது பழைய நம்பரையே வைத்துக்கொள்ளலாம். சேசிஸும் பாடியும் எஞ்சினும் அசலாக இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. அவுட்ரிகரைப் பழையபடியே செய்து வைத்ததற்குப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எண் அடித்த இடத்தில் பிளாஸ்டிங்கும் வேண்டாம், கிரைண்டரும் வேண்டாம், தடித்த பெயின்டும் வேண்டாம். டேப் ஒட்டி மூடி, கடைசியில் கையாலேயே துருவைத் தேய்த்தெடுத்து, தெளிவான மெழுகு ஒரு கோட் தடவினால் போதும். ஆர்.டி.ஓ. ஆபீசில் பென்சில் தேய்த்து எண்ணைப் படியெடுக்கக் கேட்பார்கள், அப்போது துடைத்துக் காட்டலாம்.